நின்று நின்று கேட்ட கிடார்

உவால்பென் ஊரின் சனிக்கிழமைச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றும்போது ஓவீதியோவின் காதில் அவனுடைய கிடார் விழுந்தது. அவனைப் போல வேறு யாரோ வாசித்ததல்ல. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், இசைக்குழு நண்பன் நிபால்தோ வீட்டுக் கார் கொட்டகையில், மழை தகரத்தில் விழாத நேரமாகப் பார்த்து அவனே வாசித்துப் பதிவு செய்தது. சந்தை இரைச்சலுக்குள்ளிருந்து அது வந்தது, நின்றது, மறுபடி வந்தது. டிரம்ஸும் பாட்டும் நிற்காமல் ஓட, கிடாரை மட்டும் யாரோ வாயைப் பொத்திப் பொத்தி விடுவதுபோல இருந்தது.

மூட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சத்தம் வந்த பக்கம் போனான். திருட்டு வீடியோ கேம் டிஸ்க் விற்கிற கடை. மீன் ஆலை ஏப்ரனைக்கூடக் கழற்றாத ஒரு பெண், கழுத்தில் பிளாஸ்டிக் கிடாரை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் நின்றிருந்தாள். திரையில் ஐந்து நிறப் புள்ளிகள் சாலை மாதிரி அவளை நோக்கி இறங்கி வந்தன. சரியான பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தினால் ஓவீதியோ வாசித்தான். தவறினால் வாயடைத்துப் போனான்.

பின்னாலேயே வந்த அவன் மனைவி யாஸ்னா மூட்டையை இழுத்துக்கொண்டே கேட்டாள். "இது உன் பாட்டுதானே?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் அந்த டிஸ்கை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. அந்த விளையாட்டுக்கு வீட்டில் அடிமை யாஸ்னாதான். பகலெல்லாம் முடி திருத்தும் கடையில் நின்றுவிட்டு வருகிறவள், ஷூவைக் கழற்றியதும் அந்தப் பிளாஸ்டிக் கிடாரைத்தான் எடுப்பாள். ஓவீதியோவுக்கு அது அறவே பிடிக்காது. கம்பி இல்லை, கட்டை இல்லை, ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம். இதையே பத்து வருஷம் வாசித்தாலும் ஒரு பிறந்தநாள் பாட்டுக்குக்கூட நிஜக் கிடாரில் கை வராது என்பான். அவள் அசர மாட்டாள்.

"நான் கிடார் கத்துக்கணும்னு உன்கிட்ட வந்து நின்னேனா? நாள் பூரா ஊரார் தலையைத் தடவிட்டு வர்றேன். இதுலயாவது எனக்கு நாலு பேர் கை தட்டுறாங்க. உனக்கென்ன போச்சு?"

அவனுக்குப் போனது வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் மர ஆலையில் ரம்பம் அவனுடைய இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துக்கொண்டது. கம்பியை அழுத்துகிற கை அதுதான். அதற்குப் பிறகு அவன் கிடாரைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். குழுவிலிருந்தவர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள். ஓவீதியோ தூங்குகிறான் என்று யாஸ்னா வாசலிலேயே சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. வருவது குறைந்தது, அப்புறம் நின்றது.

சந்தைக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் யாஸ்னா அந்தப் பாட்டைப் போட்டாள். மூன்றாவது முறையிலேயே முழுப் பாட்டையும் கிட்டத்தட்டப் பிசகாமல் அடித்துவிட்டாள். நடுவில் வரும் தனி வாசிப்பு ஓவீதியோ மாதக்கணக்கில் கிடந்து உருவாக்கியது. டோ எது ரே எது என்று சுரமே தெரியாதவள் அதைத் தலையாட்டிக்கொண்டே தாண்டிப் போனதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அவன் பிளாஸ்டிக் கிடாரை எடுத்துக் கழுத்தில் மாட்டினான். இடது கையில் மீந்த இரண்டு விரலையும் கட்டை விரலையும் வைத்துக்கொண்டு ஐந்து பொத்தானைத் துரத்தினான். பாட்டு பாதிகூடப் போகவில்லை. திரையில் இருந்த கூட்டம் ஊளையிட்டு அவனை இறக்கிவிட்டது. சொந்தப் பாட்டிலேயே தோற்றுப் போனதை அன்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் இடக்கைக்காரர்களுக்கென்று ஒரு வசதி இருந்தது. அதை மாற்றினால் சாலை திரும்பிக்கொள்ளும். கிடாரையும் திருப்பிப் பிடித்து, முழுசாக இருக்கும் வலது கையால் பொத்தானை அழுத்தலாம். இடது கையில் மீந்த இரண்டு விரல், கம்பிக்குப் பதிலாக மறுபக்கம் இருக்கிற பட்டையைத் தட்டுவதற்குப் போதும். நிஜக் கிடாரை அப்படித் திருப்பிப் பழகு என்று டாக்டர் சொன்னபோது எழுந்து வந்துவிட்டவன் அவன். இதில் ஒரு பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது. பிளாஸ்டிக்கை மனசுக்குள் முதல் தடவையாகக் கும்பிட்டான்.

கை பழகிய பிறகும் தனி வாசிப்பில் மாட்டிக்கொண்டான். மேடையில் அதை அவன் ஒரு நாளும் ஒரே மாதிரி வாசித்ததில்லை. மனசு ஒரு பக்கம் திரும்பினால் கையும் கூடவே திரும்பிவிடும். இங்கே அது செல்லாது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி வாசித்தானோ அப்படியே வாசிக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் அந்த இளைய ஓவீதியோ சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

அவன் ஒளிந்து விளையாடுவதைச் சீக்கிரமே யாஸ்னா கண்டுபிடித்துவிட்டாள். கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான் அதைக் கவனித்துச் சொன்னாள்.

"இந்த டிஸ்க்ல இருக்கிற மத்த பாட்டுல தப்பா அழுத்தினா 'டொக்'குனு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பாட்டு பாட்டுக்குப் போகும். உன்னுதுல மட்டும் கிடார் நிக்குது, பாத்தியா?"

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கிடார் தனியாக நிற்க வேண்டுமென்றால் கிடாரைத் தனியாகப் பதிந்த நாடா வேண்டும். அது இருந்தது நிபால்தோவிடம். குழுவின் டிரம்ஸ்காரன், அந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரன். போன வருஷ நிலநடுக்கத்தில் கொட்டகை தரைமட்டமானது என்று கேள்விப்பட்டபோது நாடாக்களும் போய்ச் சேர்ந்தன என்றுதான் ஓவீதியோ நினைத்திருந்தான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு போன் செய்தான். நலம் விசாரித்து முடிக்கவே இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வா என்றான் ஓவீதியோ. வர்றேன் என்றான் நிபால்தோ.

லோட்டா ஊரிலிருந்து நிபால்தோ பஸ் பிடித்து, நனைந்த ஜாக்கெட்டும் கையில் ரொட்டிப் பொட்டலமுமாக வந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. யாஸ்னா வெண்ணெய்ப்பழத்தை மசித்து ரொட்டியில் தடவி வைத்தாள். மழையைப் பற்றியும் இடிந்த பாலத்தைப் பற்றியும் பேசித் தீர்ந்த பிறகு ஓவீதியோ நாடாவைப் பற்றிக் கேட்டான்.

"கொட்டகை விழுந்தப்ப முதல்ல அந்தப் பெட்டியைத்தான்டா தோண்டி எடுத்தேன்" என்றான் நிபால்தோ, கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "டிஸ்க் போடுறவன் ஒருத்தன் வந்து கேட்டான். எடுத்துட்டுப் போன்னு கொடுத்துட்டேன். உன் வீட்டுக் கதவைத்தான் நீ திறக்கல. எங்கயாவது நாலு வீட்டுலயாவது உன் சத்தம் கேக்கட்டுமேன்னு இருந்துச்சு."

ஓவீதியோ எழுந்து போய் டிவியைப் போட்டான்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற வசதியில் யாஸ்னா அவர்களை உட்கார வைத்தாள். டிரம்ஸ் அந்த விளையாட்டில் இல்லை. பொத்தான் வைத்த சாதாரண விளையாட்டுக் கைப்பிடியைக் கொடுத்து பேஸ் கிடாரை நிபால்தோ தலையில் கட்டினாள். அவன் முதலிலிருந்தே தப்பும் தவறுமாக அழுத்தினான். கால் மட்டும், ஒலிபெருக்கியில் கேட்கிற தன்னுடைய டிரம்ஸோடு சேர்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

தனி வாசிப்பு வந்தது. அதன் நடுவில் ஒரு நீண்ட சுரம் உண்டு. திரையில் அது நீலக் கோடாக நீளும், பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும். என்ன அழகான நிறுத்தம் என்று அந்தக் காலத்தில் பலர் பாராட்டினார்கள். உண்மையில் பதிவின்போது நிபால்தோவின் தாளத்தட்டு ஸ்டாண்டோடு சாய்ந்துவிட்டது. அவன் அதை நிமிர்த்தி வைத்துக் குச்சியை எடுக்கும் வரைக்கும் ஓவீதியோ அவனைப் பார்த்தபடியே அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நீலக் கோடு இறங்கியது. ஓவீதியோ பொத்தானை அழுத்திக்கொண்டு, தன்னை அறியாமல் பக்கத்தில் திரும்பினான். நிபால்தோவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வந்த புள்ளிகளை இரண்டு பேருமே பார்க்கவில்லை. கிடார் நின்றது. கூட்டம் ஊளையிட்டது. பாட்டு பாதியில் அறுந்து திரை சிவந்தது.

ஆனால் நிபால்தோவின் கை நிற்கவில்லை. கைப்பிடியைப் போட்டுவிட்டு மேசையில் தட்ட ஆரம்பித்தான், கோப்பைகள் குலுங்கின. ஓவீதியோ கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து வாயாலேயே வாசித்தான். பதிவில் இருந்த மாதிரி அல்ல. ஆறு வருஷமாக உள்ளே கிடந்தது எங்கெங்கோ திரும்பிப் போயிற்று. அது எங்கே திரும்பினாலும் நிபால்தோவின் விரல் அங்கே இருந்தது. யாஸ்னா கெட்டிலை அணைக்காமலே நின்று கேட்டாள்.

முடிந்ததும் நிபால்தோ, புதன்கிழமை கலாமாவுக்குப் போகிறேன் என்றான். வடக்கே, தாமிரச் சுரங்கத்தில் வேலை. மச்சினன் பார்த்துக் கொடுத்தது. குடும்பமும் கூடவே வருகிறது.

"இன்னும் கொஞ்ச நாள் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்ல, மாப்ளே" என்றான், குற்றமாகச் சொல்லாமல்.

ஓவீதியோ பஸ் நிற்கும் இடம்வரை கூடவே போனான். இரண்டு விரலில்லாத கையை நிபால்தோ பிடித்துக் குலுக்கினான். பிடியைத் தளர்த்தாமல், வழக்கமாகக் குலுக்குகிற மாதிரியே அழுத்திக் குலுக்கினான்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஓவீதியோ தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டான். அன்று ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. கிடார் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நீண்ட சுரத்தில் பக்கத்தில் திரும்பினான். நாற்காலி முதுகில் யாஸ்னாவின் குளிர்கோட்டு கிடந்தது. திரும்பி மிச்சத்தையும் சரியாக வாசித்து முடித்தான். திரைக்குள் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

யாஸ்னா வேலை முடிந்து வந்தபோது அவன் இன்னும் கழுத்திலிருந்து கிடாரைக் கழற்றியிருக்கவில்லை. திரையில் மதிப்பெண்ணைப் பார்த்து அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"முழுசா வந்துருக்கே. பின்ன ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"நிபால்தோ கிளம்பியிருப்பான். கலாமாவுல இப்ப மணி என்ன இருக்கும்?" என்று அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இங்க என்னவோ அதுதான் அங்கயும்" என்றாள் அவள்.

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.