வளைவில் கொடுத்த தண்ணீர்

செயற்கைப் பல் செய்யும் அந்த லேபில் அன்று காலை எட்டரைக்கே சண்டை மூண்டுவிட்டது. மெஷின் எதுவும் இன்னும் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் செகண்டு அண்ணன் குரலுக்கு முன்னால் எடுபட்டிருக்காது.

பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டுவது அவர் வேலை. ஆனால் சைக்கிள் பந்தயத்தில் யார் எந்த மலையில் எத்தனை விநாடி பிந்தினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பெயர் அப்படித்தான் வந்தது.

"இருபது செகண்டு! ஒரு பாட்டில் தண்ணிக்கு இருபது செகண்டு புடுங்கிட்டானுங்க! இவனுங்க எல்லாம் மனுஷங்களா?"

எட்டு நாள் பந்தயம் அது. ஏழு நாள் மேடும் மலையுமாக ஏறி இறங்கி, முந்தின நாள் அவர்கள் ஊர்க் குன்றின் உச்சியில் வந்து நின்றிருந்தது. பாக்கி இருந்தது இன்று பிற்பகலின் தனி ஓட்டம் மட்டும். கூட்டமில்லை, துணையில்லை, ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தை எதிர்த்து இருபத்துநான்கு கிலோமீட்டர். மொத்த நேரத்தில் முதலில் இருந்தவனை லேபில் 'சின்னவன்' என்பார்கள். ஆள் உள்ளங்கை அகலம்தான், மலையைக் கண்டால் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவான். இரண்டாவதாக இருந்தவன் 'நெட்டையன்'. தனி ஓட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சின்னவனுக்கு நாற்பத்தெட்டு விநாடி முன்னிலை இருந்தது. அதில்தான் நடுவர்கள் காலையில் இருபதை வெட்டிவிட்டார்கள். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் வெளியாளிடம் எதையும் வாங்கக்கூடாது என்பது விதி. சின்னவன் ஒரு வளைவில் பாட்டில் வாங்கியது டிவியில் பளிச்சென்று தெரிந்திருந்தது. கொடுத்தவர் முகம் தெரியவில்லை. வெள்ளை உறை மாட்டிய ஒரு கை மட்டும்.

"ரூல்னா ரூல்தான்ணே" என்றான் கொழுந்தன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. செய்து முடித்த பற்களை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன். நெட்டையனின் பரம பக்தன். "நாப்பத்தெட்டு இருந்தாலும் உங்க ஆளு இன்னிக்கு தோத்திருப்பான். இப்ப அழுறதுக்கு ஒரு சாக்கு கிடைச்சுது."

"வாயக் கழுவுடா! நாப்பத்தெட்டு இருந்தா தம் கட்டித் தாங்கியிருப்பான். இருபத்தெட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? எல்லாம் அந்தக் கைக்காரனால வந்தது. எந்த முட்டாப்பயலோ! அன்பு பொங்கி வழிஞ்சிருச்சாம், பாட்டிலை நீட்டிட்டான்."

சன்னலோரம் மாவக்கா தலை நிமிராமல் ரப்பர்க் கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் மாவு ஊற்றி வார்ப்பு எடுப்பவள். முழங்கை வரை வெள்ளை படிந்தே இருக்கும். கொழுந்தனுக்கு அவள் சொந்த அண்ணி. அச்சில் ஊற்றிய மாவைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். அன்று அவள் தட்டிய தட்டில் மேசையே அதிர்ந்தது.

"அந்த முட்டாப்பய நான்தான்" என்றாள்.

செகண்டு அண்ணன் கையில் தூரிகை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா சொல்ற?"

"மூணாவது வளைவுல நின்னேன். வெயிலுக்குக் கையில உறை போட்டிருந்தேன். உதடு வெடிச்சு, கண்ணு சொருகி வந்தான் அந்தப் பிள்ளை. பாட்டிலை நீட்டினேன், வாங்கினான். இப்படி ஒரு ரூல் இருக்குன்னு எனக்கு யார் சொன்னா? ரோட்டுல ஒரு போர்டு வெச்சாங்களா? வாய் உலர்ந்து வர்றவனுக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு எழுதினவன், எந்த ஏசி ரூம்ல உக்காந்து எழுதினான்?"

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது; அதை அவள் கண் எரித்துவிட்டது.

"நீ சிரிக்காத. உன் நெட்டையனுக்கும் நான்தான் கொடுத்தேன்."

"அண்ணி!"

"என்ன அண்ணி? கையில ரெண்டு பாட்டில் இருந்துச்சு. சின்னவன் பின்னாடியே கேமரா வண்டியெல்லாம் போயிடுச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு உன் ஆளு தனியா வந்தான். அவனும் மனுஷன்தானே? கொடுத்தேன். பாதியைக் குடிச்சான், பாதியைத் தலையில ஊத்திக்கிட்டான்."

செகண்டு அண்ணன் தூரிகையை எறிந்துவிட்டு எழுந்தார். "அப்போ அவனுக்கும் இருபது வெட்டணும்! மறுபடி நாப்பத்தெட்டு! கிளம்பும்மா, போய் நடுவர்கிட்ட சொல்லு."

"அண்ணி, இது பாவம்" என்றான் கொழுந்தன். இப்போது ஹெல்மெட் கையில் இருந்தது. "உங்க கையால தண்ணி கொடுத்துட்டு, நீங்களே காட்டிக் கொடுப்பீங்களா?"

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. பகல் வரை வேலை பார்த்தாள். ஒரு வார்ப்பு உடைந்தது; இன்னொன்றில் முன்பல்லே பதியவில்லை. சொன்னால் காட்டிக் கொடுத்தவள். சொல்லாவிட்டால் ஒரே வளைவில் ஒரே தண்ணீரைக் குடித்த இருவரில் ஒருத்தன் மட்டும் தண்டம் கட்டுவதைக் கண்ணால் பார்த்தும் வாயை மூடிக்கொண்டவள். இந்த இக்கட்டில் தன்னை மாட்டிவிட்ட அந்தப் பந்தய விதியின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள்.

தனி ஓட்டம் தொடங்கும் மைதானத்தில் அணிகளின் வண்டிகள் வரிசையாக நின்றன. நீல வண்டி நிழலில், நகராத சைக்கிள் ஒன்றின் மேல் நெட்டையன் மிதித்துக்கொண்டிருந்தான். கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள்.

"தம்பி, என்னைத் தெரியுதா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வெள்ளை படிந்த கைகளைப் பார்த்தான். "தண்ணி கொடுத்தீங்க. மூணாவது வளைவு."

"நல்ல ஞாபகம். அப்படின்னா சின்னவனுக்கு மட்டும் தண்டனைன்னு கேட்டப்போ உனக்குச் சோறு எப்படி இறங்குச்சு?"

டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஓடிவந்தான். "யம்மா, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு, தள்ளிப் போங்க."

"நீ சும்மா இருப்பா. நான் உன்கிட்டயா பேசுறேன்?"

நெட்டையன் மிதிப்பதை நிறுத்தினான். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. மிதித்ததாலா வெட்கத்தாலா, தெரியவில்லை. "காலையிலேயே எங்க மேனேஜர்கிட்ட சொன்னேன்க்கா. கேக்காததுக்குப் பதில் சொல்லாதேன்னுட்டார்."

"இப்ப நான் போய்ச் சொல்லப் போறேன். உன் முதுகுக்குப் பின்னால சொல்றது எனக்குப் பிடிக்கல. அதான் இங்க வந்தேன்."

"சொல்லுங்க. கேட்டா, இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

நடுவர்கள் மைதானத்தை ஒட்டிய பள்ளி வகுப்பறையில் இருந்தார்கள். தலைமை நடுவர் கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு கேட்டார். "படம் இருக்கா?"

"படம் எதுக்குங்க? கொடுத்த கை இதோ இருக்கு."

"பார்க்குறவங்க ஆயிரம் சொல்வாங்கம்மா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் பிடிக்கும்."

"எனக்குச் சின்னவனைப் பிடிக்கும், மறைக்கல. ஆனா பிடிக்காதவனுக்கும் தண்ணி கொடுத்தவதானே நான்? அவன் அங்க மைதானத்துலதான் இருக்கான். கூப்பிட்டுக் கேளுங்க. கேக்குறதுக்கு என்ன காசா பணமா? இல்ல, டிவில வந்தாத்தான் குத்தமா? அப்படின்னா ரூல் புத்தகத்துல அதையும் சேர்த்து எழுதிடுங்க!"

பக்கத்தில் இருந்த இளைய நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைமை நடுவரைப் பார்த்தார். அவர் பெருமூச்சு விட்டு, ஆளனுப்பினார். நெட்டையன் வந்தான், வாசலில் நின்றபடியே, "வாங்கினேன்" என்றான். அவன் மேனேஜர்தான் பின்னாலேயே வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். நெட்டையன் கணக்கிலும் இருபது விநாடி தண்டம் ஏறியது.

அவள் லேபுக்குத் திரும்பியபோது செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. செகண்டு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா! நாப்பத்தெட்டு! மறுபடி நாப்பத்தெட்டு!" கொழுந்தன் அவள் பக்கமே திரும்பவில்லை. அன்று கொண்டுபோக வேண்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

நெட்டையன் கிளம்பினான். இரண்டு நிமிடம் விட்டுச் சின்னவன். முதல் எட்டுக் கிலோமீட்டரில் சின்னவன் பதினெட்டு விநாடி இழந்தான். செகண்டு அண்ணன் நகத்தைக் கடித்தார். பாதியில் முப்பத்தைந்து. அப்புறம் அவர் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டார். நெட்டையன் முதுகை மேசைபோல் தட்டையாக்கி, கோபத்தையெல்லாம் காலில் இறக்கி மிதித்தான். எல்லைக் கோட்டில் கணக்குப் பார்த்தபோது ஒரு நிமிடம் பத்து விநாடி அவன் முந்தியிருந்தான்.

செகண்டு அண்ணன் மெல்லச் சொன்னார்: "எழுபதுல நாப்பத்தெட்டு போனா இருபத்திரண்டு. அவன்தான் ஜெயிச்சான். ரெண்டு பேருக்கும் தண்டனை இல்லாம இருந்திருந்தாலும் அவன்தான்."

கொழுந்தன் துள்ளிக் குதிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் எழுந்து வந்து மாவக்கா மேசையருகே நின்றான்.

"அண்ணி, காலையில வாய் தவறிப் பேசிட்டேன். நடுவர் கேட்டதுக்கு அவன் இல்லைன்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு என்னால கை தட்டியிருக்க முடியாது."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் அவள். குரலில் சமாதானம் துளிக்கூட இல்லை. "ஜெயிச்சவன் ஜெயிச்சான், தோத்தவன் தோத்தான். தாகத்துக்குத் தண்ணி குடிச்சதுக்கு ரெண்டு பிள்ளைங்களும் தண்டம் கட்டினாங்களே, அதை யார் கேக்குறது? நான் நியாயம் கேட்டுப் போனேன். இன்னொருத்தனுக்கும் அடி வாங்கிக் கொடுத்துட்டு வந்திருக்கேன். இதுக்குப் பேரு நியாயமா?"

அவள் செகண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க கையெழுத்து நல்லா இருக்கும். ஒரு தாள் எடுங்க. சைக்கிள் சங்கத்துக்கு எழுதணும். இவ்வளவு டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா இந்த ரூல் செல்லாதுன்னு போடணும். மரியாதையா எழுதுங்க, ஆனா ரொம்ப மரியாதை வேண்டாம்."

செகண்டு அண்ணன் தாளை எடுத்தார். 'ஐயா' என்று தொடங்கி, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். இரண்டு இடத்தில் சொல்லை மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு இடத்தில்தான் அவள் விட்டுக்கொடுத்தாள். கடைசியில் கையெழுத்துப் போடக் கொழுந்தன்தான் முதலில் பேனாவைப் பிடுங்கினான்.