அரை விரல் நீண்ட கொம்பு

ஆஸ்பத்திரி வண்டி தெருமுனை திரும்பிவிட்டது என்று மகள் சொன்னதை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள் அவள். இரண்டு கைகளிலும் இரண்டு கிட்டார்கள். முன்னறையைக் காலி செய்தால்தான் கணவரின் உடலைக் கிடத்த இடம் கிடைக்கும். சோபாவிலும் சுவரிலும் மூலையிலும், அவர் செய்ததும் வாங்கிப்போட்டதுமாகக் கிட்டார்கள்தான்.

"அக்கா, இது அவங்க கம்பெனியோடது. இதையும் உள்ள வைக்கவா?" பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"வைங்க. எல்லாம் ஒண்ணுதான்."

'அவங்க' என்றால் அவளுடைய தம்பி. அவள் கணவரிடம்தான் தொழில் படித்தான். கல்யாணமான புதிதில் வீடேதான் பட்டறை. சாப்பாட்டு மேசையில் மரத்தூளை ஊதிவிட்டுத்தான் தட்டு வைப்பாள். மச்சான்கள் இருவரும் சாப்பாட்டை மறந்து பலகையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் தம்பி தனியாகப் போனான். அடுத்த வருஷமே அவன் பெயர் போட்ட கிட்டார் கடைக்கு வந்தது. அதே உடம்பு, அதே வளைவு. உடம்பின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு மட்டும் அரை விரல் கூடுதல் நீளம்.

"என் டிசைன உன் தம்பி அப்படியே சுருட்டிட்டான்" என்று அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். வக்கீல் நோட்டீஸ் போனது. தம்பி அவளுக்குப் போன் செய்தான்.

"அத்தான் மட்டும் என்ன கனவுல கண்டா செஞ்சார்? ரிப்பேருக்கு வந்த வெளிநாட்டுக் கிட்டாரப் பாத்துத்தானே செஞ்சார்?"

அதுவும் பொய் இல்லை. அவர் உள்ளே அளவெடுத்துக்கொண்டிருக்க, அந்தக் கிட்டாரைக் கேட்டு வந்தவரிடம், பசை இன்னும் காயவில்லை என்று வாசலிலேயே பேசி அனுப்பியவள் அவள்தான். யார் பக்கம் பேசுவாள்? வாங்குகிறவர்களோ இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. மடியில் எது சுகமாக உட்கார்ந்ததோ அதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தம்பி அதற்குப் பிறகு இந்த வாசற்படி மிதிக்கவில்லை. ஆனால் அவனுடைய ஒவ்வொரு புது மாடலும் வீட்டுக்கு வந்தது. அவரே போய் வாங்கிவருவார். "எங்கெங்க திருடியிருக்கான்னு பாக்கணும்ல" என்பார். கம்பிகளைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்து, திட்டித் தீர்ப்பார். பிறகு கம்பிகளை மாட்டி, சாயங்காலம் முழுக்க அதையே மீட்டிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை தம்பி, கிட்டாரின் கழுத்து உடம்போடு சேருமிடத்தைச் சரிவாகச் செதுக்கியிருந்தான். கை தடையில்லாமல் மேலே வரை போனது. அன்று அவர் திட்டவில்லை. அடுத்து இந்தப் பட்டறையிலிருந்து வந்த கிட்டாரிலும் அதே சரிவு இருந்தது.

"இதுக்குப் பேரு என்னவாம்?" என்று கேட்டாள்.

"திருத்தம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தம்பி வெயில் ஏறியபின் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் நின்றிருந்த கிட்டார் வாசிப்பவர்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். அவன் அழவில்லை. அவருடைய இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசியா எப்ப வாசிச்சார்?"

"போன வாரம். உன்னோடதுலதான்."

"என்ன சொன்னார்?"

"கழுத்து கனம்னார்."

அவன் தலையை ஆட்டினான். "கனம்தான்."

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது, பட்டறைக் கதவு திறந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. போய்ப் பார்த்தாள். வேலைமேசையின் முன்னால் தம்பி நின்றிருந்தான். அவர் பாதியில் விட்ட கிட்டார் உடம்பு ஒன்று அதன்மேல் கிடந்தது. முழங்கை படுகிற ஓரத்தை, இதுவரை செய்யாத விதமாகத் தழைய இழைத்திருந்தார்.

"உன்னோடதெல்லாம் பின்னறைல இருக்கு. எடுத்துட்டுப் போறியா?"

"எதுக்கு? அவரோடதெல்லாம் என் வீட்ல இருக்கு. ஒண்ணு விடாம வாங்கிட்டேன்." அவன் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான். "அத்தான் என்ன யோசிக்கிறார்னு வேற எப்படித் தெரியும்?"

அவன் மூலையிலிருந்த பழுப்புத்தாள் சுருளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இத வரைஞ்சு எடுத்துக்கவா அக்கா?"

"அவர் இருந்தா நோட்டீஸ் விட்டிருப்பார்."

"விட்டிருப்பார்."

தாளை மேசையில் விரித்து, அந்த உடம்பை அதன்மேல் கிடத்தினான். காற்றில் தாளின் ஓரம் எழும்பியது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கையால் தாளையும் மறுகையால் மரத்தையும் அழுத்திப் பிடித்தாள். மரத்தின் விளிம்பை ஒட்டியே பென்சில் நகர்ந்தது. வளைவு சுற்றி அவள் விரல் வரை வந்து நின்றது. விரலைத் தூக்கி வழிவிட்டாள். கோடு தாண்டிப் போனதும், மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.