அக்கா, ஓடு!

“நான் ஆம்பளை. தாடியே இருக்கு. டிராகன் வரும்போதெல்லாம் இது என்னைப் பார்த்து ‘அக்கா, ஓடு!’ன்னு கத்துது. ஒரு ஸ்டார்.”

பல்செட்காரன் இதைப் படித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் டிபன் டப்பா மூடி, மறு கையில் போன். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. மேஜை முழுக்க யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டர் அச்சாக உட்கார்ந்து அவனைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. ஊரே சிரிக்கிறது என்பது அவன் விஷயத்தில் வெறும் பேச்சு இல்லை.

மூடியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்த வார்த்தையை மாற்ற மறந்தே போயிருந்தான்.

அதை அவன் ஊருக்காக எழுதவில்லை. அவனுக்கு ஒரே ஒரு அக்கா. பாதி ஆயுளை அச்சகத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றே கழித்தவள். மிஷின் சம்பளத்தைக் கொடுத்துக் காதை வாங்கிக்கொண்டது. காதுக்கருவி மாட்டினால் உலகமே தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். பார்க்கப் பிடிக்காத பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது ஒரு வசதி.

டிராகனோடு சண்டை போடுகிற ஒரு ஆன்லைன் கேமில் அவளைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். ஐந்து பேர் கூட்டணி. அக்கா, அத்தான், இவன், நேரில் பார்த்தே இராத ஒரு லாரி டிரைவர், தலைமை தாங்க ஒரு நர்ஸ். எல்லாரும் டைப் அடித்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்பதால் அக்காவின் காது விஷயம் வெளியாட்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

சிக்கல் டிராகனால் வந்தது. நெருப்பைக் கக்குவதற்கு முன்னால் அது உறுமும். உறுமல் மட்டும்தான், வேறு அடையாளம் கிடையாது. கேட்டவர்கள் ஓடிப் பிழைப்பார்கள். அக்கா மட்டும் நடுக்களத்தில் நின்று கத்தியைச் சுழற்றிக்கொண்டே வெந்து போவாள்.

“அக்கா மறுபடியும் கரிக்கட்டை” என்று எழுதுவார் டிரைவர். “கவனம் எங்கே இருக்கு?” என்று எழுதுவார் நர்ஸ்.

அதனால்தான் பல்செட்காரன் அரைகுறையாகப் புரோகிராமிங் கற்றுக்கொண்டு, விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு ஆட்-ஆன் எழுதினான். உறுமல் தொடங்கியதும் திரை நடுவில் பெரிய சிவப்பு எழுத்து வரும்: ‘அக்கா, ஓடு!’ வேறு என்ன எழுதுவான்? ஆட்-ஆன் வைத்திருந்ததே ஒரே ஒரு ஆள்.

அப்போதெல்லாம் ஆட்-ஆன் என்றால் சந்துபொந்தில் கிடைக்கிற சரக்கு. எவன் எழுதினான், உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கும் தெரியாது. அத்தான் ஒரு முறை ‘புதையல் காட்டி’ என்ற ஒன்றை இறக்கிக்கொண்டார். அது அவருடைய பாஸ்வேர்டைத்தான் புதையலாக எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் அவருடைய மாவீரன் சந்தைக்கு நடுவில் ஜட்டியோடு நின்றான். குதிரையையும் விற்றுவிட்டிருந்தார்கள்.

ஆகவே வெளிச்சரக்கை அடைத்துவிட்டு, கம்பெனியே அதிகாரப்பூர்வமாக ஆட்-ஆன்களை ஏற்கப் போகிறது என்று அறிவித்தபோது முதலில் குதித்தது அத்தான்தான். “மாப்ள, இனிமே சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் கம்பெனி கடை அலமாரியில வைப்பாங்களாம். நம்பி எடுக்கலாம். உன்னோடதையும் அனுப்பு!”

அனுப்பினான். சோதித்தார்கள். பாஸ்வேர்டைத் திருடுகிறதா என்று பார்த்தார்களே தவிர, யார் அந்த அக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. அலமாரியில் ஏறியது. ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்தார்கள். ‘மடியில குழந்தை தூங்குது, சத்தத்தை அணைச்சுட்டு ஆட முடியுது, நீங்க நல்லா இருக்கணும்’ என்று யாரோ எழுதியதைப் படித்த அன்றைக்கு, கையில் இருந்த கடைவாய்ப் பல்லை ஆனந்தத்தில் தலைகீழாகப் பதித்துவிட்டான்.

அப்புறம் வந்தார் தாடிக்காரர்.

‘அக்கா, ஓடு!’ என்பதை ‘ஆபத்து!’ என்று மாற்றி அனுப்பினான். தன் வீட்டுச் சுவரில் தானே ஆணி அடிக்க முனிசிபாலிட்டியில் மனுப் போட்ட கதைதான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. பல்செட் சரியில்லை என்றால் அன்றைக்கே தேய்த்துக் கொடுப்பான் அவன். இங்கே ஒரு வார்த்தையைத் தேய்க்க வாரக்கணக்கில் வாய் பிளந்து கிடக்க வேண்டியிருந்தது.

அதற்குள் பெரிய பெரிய கூட்டணிகள் இவனுடையதையும் இன்னும் பல ஆட்-ஆன்களையும் கோத்து, டிராகனைத் தூங்கிக்கொண்டே அடிக்க ஆரம்பித்தன. கம்பெனிக்குக் கோபம் வந்தது. வரும் சனிக்கிழமை முதல், சண்டை நேரத்தில் எந்த ஆபத்தையும் எந்த ஆட்-ஆனுக்கும் சொல்ல மாட்டோம், எல்லாருக்கும் சமவாய்ப்பு வேண்டும் என்று அறிவித்துவிட்டது. முன்பு சுவர் ஏறிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தான். ராஜவாசல் திறக்கிறோம் என்று சொல்லிச் சுவரை உயர்த்தினார்கள். இப்போது வாசலுக்கும் பூட்டு.

கெஞ்சி எழுதினான். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று பதில் வந்தது. விளக்கி எழுதினான். அதே முக்கியம் மறுபடியும் வந்தது.

அன்று பார்த்துத் தாடிக்காரர் எழுதினார்: “ஒழிஞ்சது சனியன். காது இருக்கிறவன் ஆடட்டும்.”

கட்டைவிரலில் பல் பதிக்கிற மெழுகு ஒட்டியிருந்தது. அதோடேயே பொது இடத்தில் பதில் அடித்தான்: “இது என் அக்காவுக்காக எழுதினது. அவளுக்குக் காது கேட்காது. உனக்குத் தாடி இருக்கு, மனசு இருக்கா?”

அனுப்பிய பிறகுதான் கீழே தன் பெயர் இருப்பதைக் கவனித்தான். விளையாட்டில் அவனுக்குள்ள அதே பெயர். நர்ஸுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பட்டறை வாசலில் நின்று போனை நீட்டினாள். ‘அக்கா, இது நிஜமா?’ என்று நர்ஸ் கேட்டிருந்தார்.

“ஊருக்கே தண்டோரா போட்டுட்டியா?”

“அவன் பேசினது பொறுக்கலை அக்கா...”

“வாயில வெச்சிருக்கிற கையை எடுத்துட்டுப் பேசு.”

எடுத்தான். “நீ தினம் வெந்து போறியே, அதான்...”

“வெந்தா நான் வேகறேன், உனக்கு என்னடா? கவனம் இல்லைன்னு திட்டுவாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. காது கேட்காதவளை யாரும் திட்ட மாட்டாங்கடா. பாவம்னு விட்டுடுவாங்க. அந்த ஒரு இடத்துலதான் நான் பாவம் இல்லாம இருந்தேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஜைமேல் இருந்த தாடைகள் மட்டும் இளித்தன. ஒன்றை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அந்த அச்சில் செய்கிற பல்லுக்காகத் திங்கட்கிழமை ஒரு ரிட்டயர்டு வாத்தியார் டாக்டரிடம் வருகிறார் என்பதால் விட்டுவைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா தன் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்த துணியையே. அப்போது நர்ஸின் செய்தி வந்தது: “ஆறு மணிக்கு வரணும். வரலைன்னா சரியான காரணம் சொல்லணும். காது காரணம் கிடையாது.”

அக்கா இரண்டு முறை படித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அக்கா, அத்தான், அவன், மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். களத்தில் டிரைவர் எழுதினார்: “உறுமினா நாங்க எல்லாம் குதிக்கிறோம். நீங்க எங்களைப் பார்த்து ஓடுங்க. குதிக்கிறதுக்குக் கம்பெனி அனுமதி வேண்டாமே?”

டிராகன் உறுமியது. நான்கு பேரும் தவளை மாதிரி குதித்தார்கள். அக்கா ஓடினாள். நெருப்பு வெறும் தரையைத்தான் தின்றது. மறுபடியும் உறுமல், மறுபடியும் குதிப்பு, மறுபடியும் வெறும் தரை.

மூன்றாவது தடவை உறுமலே இல்லை. அத்தான் தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்தபோது அவருடைய முழங்கை பட்டனில் பட்டுத் தொலைத்தது. மாவீரன் குதித்தான். அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, நேராகப் பாறை விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தாள்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பல்செட்காரன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான்: பாவம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், புண்ணியவான்களே.

டிரைவர்: “என்ன அக்கா, கண்ணையும் அடகு வெச்சுட்டீங்களா?”

நர்ஸ்: “முன்னால பள்ளம் இருக்கிறது தெரியலை? கவனம் எங்கே இருக்கு?”

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள்: “என் வீட்டுக்காரரை முதல்ல சோதிச்சு அலமாரியில வைங்க. யாரு அனுமதிச்சது இந்த ஆளை?”

“பாட்டில் வழுக்கிடுச்சு...” என்றார் அத்தான், திரையைப் பார்த்து.

மறுபடி தொடங்கினார்கள். அப்போது பல்செட்காரனின் போன் அதிர்ந்தது. கம்பெனி. ‘வாழ்த்துகள்! நீங்கள் கோரிய மாற்றம் அனுமதிக்கப்பட்டது. இனி உங்கள் ஆட்-ஆன் “ஆபத்து!” என்று காட்டும்.’ எதுவுமே காட்ட முடியாத ஆட்-ஆனுக்கு, என்ன காட்டலாம் என்று அனுமதி. அழுவதா சிரிப்பதா என்று அவன் போனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“டேய்!” அக்கா அவன் தோளில் ஓங்கி அடித்தாள். “எல்லாரும் குதிக்கிறாங்க, அங்கே என்ன வேடிக்கை? ஓடுடா!”

ஓடுவதற்குள் வெந்துவிட்டான்.