வாங்குனவனையும் சேருங்க

திருடனைத் திட்டுவதற்கென்று ஓர் உத்தியோகம் இருந்திருந்தால், இலங்கை மலைநாட்டு நோர்வூட்டில் அது சோலைமலைக்குத்தான் கிடைத்திருக்கும். காலையில் திறந்த வாயைப் பொழுது சாயும்வரை மூடமாட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் கங்காணியின் ஏச்சையும் விட்டு வெளியே வந்து, ஒரு பழைய ஆஸ்டின் காரை வாடகைக்கு ஹயர் ஓட்டிப் பிழைப்பவன் அவன். அந்தக் காரைத்தான் களவாணிப் பயல்கள் கோழிக்கு இறகு பிடுங்குவது போலப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கார் வாசலில் நின்றால் எவன் தொடுவான்? ஆனால் சோலைமலை குடியிருந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், மனைவி பூரணியின் பேருக்குக் கொடுத்த ஓர் அறைக் காம்பராவில். தோட்டத்துக் கேட்டுக்குள் பெரிய துரையின் காரும் தேயிலை லொறியும் தவிர வேறு வண்டி நுழையக்கூடாது. ஹயர் கார்க்காரன் வண்டியைக் கீழே பெரிய ரோட்டில், நஜீம் நானாவின் கடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு மலையேற வேண்டியதுதான். நானா கடையைச் சாத்திய பிறகு அதற்குக் காவல் பனியும் தெருநாயும்.

முதலில் ஒரு பக்கத்து ஹெட்லைட் போனது. அடுத்து கண்ணாடி, வைப்பர், சக்கரத்து மூடிகள். வெளிநாட்டுச் சாமான்களை இறக்கக் கூடாதென்று அரசாங்கம் மறித்திருந்த காலம். கடையில் கேட்டால் கையை விரித்தார்கள். பொலிசில் போய்ச் சொன்னான். "இன்னும் டயர் நாலும் இருக்குதானே" என்று சிரித்து அனுப்பினார்கள்.

கடைசியில் பெட்டரி போனது. அதுவும் பூரணியை ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப்போக இருந்த நாளில். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வயிறு, மூன்றாவதைச் சுமந்துகொண்டு மழையில் மலையிறங்கி வந்து, செத்துப்போன காரைப் பார்த்து நின்றது. பிறகு பஸ்ஸில் நெரிசலோடு நெரிசலாகப் போய்வந்தாள். சோலைமலைக்கு அன்றைக்குக் கண்மண் தெரியவில்லை.

"முனியாண்டிக்கு முன்னால காசு வெட்டிப் போடப்போறேன்" என்றான்.

காசு வெட்டுவது விளையாட்டல்ல. ஒரு சதக் காசைச் சாமி கல்லில் வைத்து, களவெடுத்தவனைச் சபித்து உளியால் இரண்டாகப் பிளந்தால், அவன் குடும்பத்தோடு அழிவான் என்பது தோட்டத்து நம்பிக்கை. வாயளவில் மிரட்டுவார்களே தவிர யாரும் இலேசில் வெட்டமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லயமே கோயிலடியில் கூடிவிட்டது. சோலைமலையோடு ஹயர் ஓட்டும் ஆண்டியப்பனும் வந்திருந்தான். பச்சை மொரிஸ் கார்க்காரன். அவனுக்கும் ஒரு ஹெட்லைட் களவு போயிருந்தது. "வெட்டு மச்சான், நான் கூட நிக்கிறேன்" என்று தோளைத் தட்டினான்.

மாயாண்டி பூசாரி உளியைக் கையில் கொடுத்துக் கேட்டார். "யாருக்குன்னு சொல்லு. எடுத்தவனுக்கு மட்டுமா? வாங்குனவனையும் சேக்கவா?"

"அவனத்தான் மொதல்ல சேருங்க. வாங்குறவன் இல்லேன்னா களவாணி எதுக்குக் களவெடுக்குறான்? எடுத்தவன், வித்தவன், வாங்குனவன் அம்புட்டுப் பேரு வம்சமும் வெளங்காம போகணும்."

ஓங்கி ஒரே அடி. காசு இரண்டானது. மனசு குளிர்ந்து வீட்டுக்குத் திரும்பினான். காம்பராவுக்குள் வந்ததும் பூரணி கதவைச் சாத்தினாள்.

"என்னாங்க, நம்ம வண்டியில இருக்க லைட்ட யாருகிட்ட வாங்குனீங்க?"

ஹட்டனில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சாக்குப்பையோடு நின்ற ஒருவனிடம் வாங்கியதாகச் சோலைமலை சொன்னான்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. எல்லாரும் அவன்கிட்டதான் வாங்குறாங்க."

"நான் அப்ப வண்டியிலதான் இருந்தேன். ஓரத்துல ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்ட நீங்க கத்தியால சொரண்டுனத பாத்தேன். இன்னைக்கு வம்சத்தையில்ல சொன்னீங்க." அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

அவனுக்கு முதலில் அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. முன்னமே சொல்லியிருக்கக்கூடாதா? பிறகு பூசாரிமேல். அந்தக் கிழவனை யார் கேட்கச் சொன்னது? கடைசியில் போக்கிடமில்லாமல் அது அவனிடமே திரும்பி வந்தது. அன்றைக்குத் தன் லைட் போன ஆத்திரத்தில், பச்சைப் பெயிண்டைப் பார்த்தும் எவன் லைட்டாக இருந்தால் எனக்கென்ன என்று வாங்கியவன் அவன்தான்.

அன்றே பூசாரியிடம் ஓடினான். வெட்டிய காசைச் சேர்த்துச் சாபத்தை மீட்க வழியிருந்தது. சாபத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் மறுபடி கூடவேண்டும். வெட்டியவன் தன் வாயாலேயே விட்டேன் என்று சொல்லவேண்டும். ஏன் விட்டான் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அடுத்த ஞாயிறு அதே கூட்டம். அந்தக் களவாணியும் இதில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான் என்று நினைக்க நினைக்க சோலைமலைக்கு நரம்பு புடைத்தது. அவனை மன்னிப்பதா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பூரணியைப் பார்த்தான்.

"எடுத்தவன விட்டுட்டேன்." காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்புக் கொயினாத் தண்ணியை விழுங்குவது போல இருந்தது. "வித்தவனயும் விட்டுட்டேன். வாங்குனவனயும் விட்டுட்டேன்."

"ஏன்?" என்றார் பூசாரி.

"வாங்குனவன் நான்தான். ஆண்டியப்பன் வண்டி லைட்டு அது. தெரிஞ்சேதான் வாங்குனேன்."

கூட்டம் கசமுசவென்றது. பூசாரி இரண்டு துண்டுகளையும் சேர்த்து மஞ்சள் நூலைச் சுற்றினார். ஆண்டியப்பன் மெதுவாக முன்னால் வந்தான். மடியிலிருந்து ஒரு சதத்தை எடுத்துச் சாமி கல்லில் வைத்தான்.

"நீ விட்டுட்ட, சோலமல. நான் இன்னும் விடலையே. தோளத் தட்டிக்கிட்டு நின்னேனேடா, அப்பக்கூட ஒனக்கு வாய் வரலயா? பூசாரி, உளியக் குடுங்க."

வாரக்கணக்கில் வாயால் ஊரையே கிழித்த சோலைமலை தலையைக் குனிந்தான். பூரணிதான் நடந்து போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வெட்டுங்கண்ணே. வெட்டும்போது என் பேரையும் சொல்லுங்க. அது யாரு லைட்டுன்னு எனக்கும் தெரியும். அந்த வெளிச்சத்துலதான் நானும் போய் வந்தேன்."

ஆண்டியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். பிறகு பூசாரி கொடுத்த உளியைக் கீழே எறிந்துவிட்டு, சோலைமலையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"கீழ வா. ஒன் கையாலயே கழட்டிக் குடு."

இரண்டு பேரும் மலையிறங்கினார்கள், பின்னால் லயமே இறங்கியது. ரோட்டோரத்தில் நின்ற காருக்கு முன்னால், நஜீம் நானாவும் கடைவீதியும் பார்க்க, சோலைமலை மண்டிபோட்டு லைட்டின் திருகாணிகளைக் கழற்றினான். யாரையாவது திட்டவேண்டும் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. திட்டுவதற்கு ஆள்தான் இல்லை.