முப்பத்தெட்டு டிகிரிப் பக்கம்

அந்த விளம்பரத்தில் அப்பாவின் தொழிலைக் கேட்கவில்லை. அதனால்தான் நின்று படித்தேன்.

யாங்பியோங் பக்கம் மக்கொல்லி என்ற அரிசி மது செய்யும் ஒரு சிறிய கூடம். மது ஊறவைக்க ஒரே ஒரு ஆள் வேண்டும். படிப்பு, ஊர், புகைப்படம் எதுவும் வேண்டாம். சொந்தமாக ஊறவைத்த மக்கொல்லி ஒரு பாட்டில், அது ஊறிய நாள்களைப் பற்றிய குறிப்பேடு, இரண்டையும் எடுத்துக்கொண்டு விளம்பரம் வந்த பதினான்காம் நாள், ஞாயிறு காலை பத்து மணிக்கு வரவேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உணவு நுண்ணுயிரியல். நாற்பத்தொரு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பாதிப் படிவங்களில் பெற்றோர் தொழிலுக்கு ஒரு கட்டம் இருக்கும். அம்மா அலுவலகக் கட்டடங்களில் கழிப்பறை துடைக்கிறாள். நான் எழுதியது 'இல்லத்தரசி'. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். என் கையெழுத்தில் என் அம்மாவை நானே மறைத்தேன், அப்படியும் ஒருவனும் கூப்பிடவில்லை.

அன்றே இரண்டு வாளி, ஒரு தெர்மாமீட்டர், நாலு கிலோ ஒட்டரிசி, நாலு கிலோ சாதா அரிசி, மதுவை நொதிக்க வைக்கும் நுருக் வட்டுகள் எல்லாம் வாங்கி, மூன்று மாடி தூக்கி வந்தேன். சில்லிமில் எங்களுடையது ஒற்றை அறை. கூடத் தங்கியிருக்கும் தாசோம் அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளர். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அடியே போரம், நாம ரெண்டு பேரு புரண்டு படுக்கவே இடமில்ல. இதுங்க வாடகை குடுக்குமா?"

"பதினாலே நாள்க்கா."

"போன தடவ பூனைக்கும் இதத்தான் சொன்னே."

சொன்னாளே தவிர, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே அடுப்பில் நாலு தடவையாக அரிசியை ஆவியில் வேகவைத்தோம். ஜன்னல் வெளுத்தது, சுவர்க் காகிதம் வியர்த்தது. துவைத்த விரிப்பில் சோற்றைப் பரப்பி, அக்காவின் முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து ஆற்றினோம். பூஞ்சணம் பூத்துக் காய்ந்த கோதுமை வட்டுகளை நான் இடித்துப் போட, இருவரும் தண்ணீர் ஊற்றி முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தோம். அறை முழுக்க ஈரவைக்கோல் வாசம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலு வருடம் படித்தது முதல் தடவையாக என் விரலிடுக்கில் ஒட்டியது.

அடுத்து, எந்த வாளியை எங்கே வைப்பது? எங்கள் குடும்ப வீட்டில், அடியில் சூடேற்றும் தரையின் கதகதப்பான மூலை எப்போதும் முக்கியமான ஆளுக்கு. காய்ச்சல்காரருக்கு, விருந்தாளிக்கு, தேர்வு எழுதுகிற எனக்கு. யோசிக்கவே இல்லை. ஒட்டரிசி வாளியை தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற மூலையில் வைத்து, என் நீளப் பஞ்சுக் கோட்டைச் சுற்றிக் கட்டினேன். நான் ஜன்னலோரம் நடுங்கிக்கொண்டு படுத்தேன். சாதா அரிசி வாளிக்குக் குளியலறைதான் மிச்சம். சோப்பு நீர் தெறிக்காமல் இருக்க அக்கா அதன் தலையில் தன் குளியல் தொப்பியை மாட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் கோட்டுக்குள்ளிருந்து மழை பெய்தது. காதை வைத்துக் கேட்டேன். தகரக் கூரையில் விழுகிற மாதிரி சடசடசட.

"அக்கா! வா, வா, கேளு!"

பல் துலக்கிய நுரையோடு வந்து அவளும் காதை வைத்தாள். "ஐயோ, உயிரோட இருக்குடி!" என்று என் தோளில் அடித்தாள்.

ஐந்தாம் நாள் கோட்டை அவிழ்த்தேன். முப்பத்தெட்டு டிகிரி. மூக்கைப் பிடுங்கும் புளிப்பு. ஊறும் சரக்கு தானே சூட்டை உண்டாக்கும், சூடு ஏறினால் புளிக்கும். பாடப்புத்தகத்தில் நானே அடிக்கோடு போட்ட வரி. போர்த்தி வைக்கிற ஆசையில் படித்ததை மறந்திருக்கிறேன். சுவரை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

முப்பத்தெட்டு, கோட்டு போர்த்தினேன், வினிகர் ஆகிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடு," என்றாள் அக்கா. "இவ்வளவு பெரிய முட்டாளுக்கு யாரு வேல குடுப்பா?"

"கிழிக்க மாட்டேன். கட்டத்துல பொய் எழுதி எழுதி என்ன கிடைச்சது?"

குளியலறை வாளியில் பதினாறு டிகிரிதான். எட்டாம் நாள்தான் முதல் குமிழ் வந்தது. அன்றிலிருந்து அதைப் பார்க்க நாளுக்கு இருபது தடவை போனேன். பதின்மூன்றாம் நாளும் அது கொப்பளித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லை. ஒரு பாட்டில் மட்டும் துணியில் வடிகட்டினேன். மறுநாள் ரயிலில் மூடியை இறுக்கினால் வெடிக்கும். இரண்டு நிலையத்துக்கு ஒருமுறை லேசாகத் திருகி விட்டேன். 'உஸ்ஸ்' என்றது. எதிர் இருக்கைக்காரர் முறைத்தார். "உயிருள்ளதுங்க," என்றேன்.

கூடத்து முதலாளியம்மா ஐம்பது வயதுக்காரர், ரப்பர் பூட்ஸோடு இருந்தார். மேசையில் எனக்கு முன் வந்த ஆறு பேரின் குறிப்பேடுகள் கிடந்தன. என்னுடையதைப் புரட்டியவர் முப்பத்தெட்டு டிகிரிப் பக்கத்தில் நின்றார்.

"கோட்டு போர்த்தினியா?"

"ஆமா."

"இவங்க ஆறு பேருக்கும் பதினாலு நாளும் இருபத்தஞ்சு டிகிரி. ஜனவரி மாசத்துல. நம்பச் சொல்றாங்க." கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். "இது இன்னும் முடியலியே. முடியாத சரக்க எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"முடிஞ்ச சரக்கு வினிகருங்க. அதக் கொண்டு வரட்டுமா? குளிர்காலத்துல பதினாலு நாள்னு கெடு வச்சது நீங்க. தப்பு உங்க மேலயும் இருக்கு."

வாயை விட்டுத் தொலைத்தேன். நாற்பத்திரண்டாவதும் போச்சு. அவர் இரண்டாவது கிண்ணம் ஊற்றினார்.

"மீதி எவ்வளவு இருக்கு?"

"நாலு லிட்டர் தேறும்."

"நாளைக்கே கொண்டா, பாப்போம்."

"முடியாதுங்க. வெள்ளிக்கிழமதான் பதம் வரும். அதுக்கு முன்னாடி தொட விட மாட்டேன்."

"நான் கேட்டாலும்?"

"நீங்க கேட்டாலும்."

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வேலைக்கு வந்துடு. வெள்ளிக்கிழம உனக்கு லீவு. வீட்ல இருந்து ஒழுங்கா வடிச்சு எடுத்துட்டு வா."

அவர் முன்னாலேயே, அந்த ஈரத் தரையிலேயே, ஒரு குதி குதித்தேன்.