ட்ரெய்னாவின் கடைசி வசவு

அச்சுக்குப் போவதற்கு முன் சரிபார்க்கும்படி அனுப்பப்பட்ட தாள்களில் தன் தாயைத் தேடிய ஷிஃப்ரா மார்குலிஸுக்கு, அங்கே கிடைத்தவள் வேறு யாரோ ஒருத்தி.

‘அடக்கமே உருவானவள், குரலை உயர்த்தி அறியாதவள். அந்த இறுதி நாளில், மகளை மௌனமாக அணைத்து விடைகொடுத்து, உதட்டில் பிரார்த்தனைப் பாடலோடு, நிமிர்ந்த தலையோடு, சதுக்கத்தை நோக்கி நடந்தாள்.’

குரலை உயர்த்தி அறியாதவளாம்! போலந்தின் ஸலுச்சின் ஊரில், வியாழக்கிழமைச் சந்தையில் மீன் விற்ற அம்மா ட்ரெய்னாவின் குரல், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மாதா கோயில் மணியையே வாயடைக்க வைத்த குரல். ஓய்வுநாள் விருந்துக்குக் கெண்டை வாங்க வந்தவர்கள் மீனோடு இரண்டு வசவையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போனார்கள். ஷிஃப்ரா தாள்களைச் சுருட்டிக் கையில் பிடித்தாள். வாரந்தோறும் அரைநாள் விடுமுறை விடும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் என்பதால் டெல் அவீவில் கடைகள் அடைத்துக் கிடந்தன. அவளுடைய மருந்துக் கடையும் அடைத்தாயிற்று. பாலைவனக் காற்று அனலாய் வீசிய வீதியில் பேருந்துக்குக்கூடக் காத்திராமல் அவள் நடந்தே போனாள்.

ஸலுச்சினில் இப்போது ஒரு யூதரும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மாண்ட அவ்வூர்க்காரர் எவருக்கும் கல்லறை கிடையாது. எஞ்சியவர்கள் கூடி, மற்ற ஊர்க்காரர்கள் செய்ததைப் போலவே தங்கள் ஊருக்கும், தாய்மொழியான யித்திஷில், ஒரு நினைவுப் புத்தகம் எழுதத் தீர்மானித்திருந்தார்கள். அந்தப் புத்தகமே கல்லறைக் கல் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை; மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. ஊரில் மரக்கடைக் கணக்கராக இருந்து, இங்கே தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும், ஊர்க்காரர்கள் மரியாதையாக ‘ரெப்’ என்று அழைக்கும் நஃப்தலி கன்டோர் ஆசிரியர் பொறுப்பைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். நால்வர் எழுதித் தந்ததை நாற்பது முறை திருத்துவதே அவருடைய ஆசிரியத் தொழில்.

அவருடைய அறையில் ரொட்டிக்காரர் ஃபைவல், ஹெர்ரிங் மீன் துண்டு ஒன்றை மென்றபடி புகைப்படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாம்மா ஷிஃப்ரா, வா. சோடா குடிக்கிறியா?” என்றார் கன்டோர்.

“சோடா வேண்டாம், ரெப் நஃப்தலி. எங்கம்மா வேணும். எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“அனுப்பினேனே, பார்க்கலியா? படிச்சா கண்ணுல தண்ணி வந்திருக்குமே!”

“வந்தது. பாவம், யாரு பெத்த பொண்ணோன்னு வந்தது.”

ஃபைவலுக்குப் புரையேறியது. கன்டோர் அவரை முறைத்துவிட்டு, பொறுமையைக் கட்டாயப்படுத்தி வரவழைத்துக்கொண்டார்.

“இதோ பாரு. கல்லறைக் கல்லுல ‘இவ வாயாடி’ன்னு யாராவது செதுக்குவாங்களா? எந்த ஊர்லயாவது உண்டா?”

“கல்லுல நாலு வரிக்குத்தான் இடம். இங்க ரெண்டு பக்கம் இருக்கு.” ஷிஃப்ரா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். “கசாப்புக்காரர் சம்சாரம், அடக்கமே உருவானவள். மருத்துவச்சி, அடக்கமே உருவானவள். அந்த வட்டிக்கடைக்காரி, அவகூட அடக்கமே உருவானவள்! நம்ம ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அடக்கம்னா, குழாயடியில குடுமியைப் பிடிச்சுக்கிட்டது யாரு? வாத்துங்களா?”

“ட்ரெய்னா எனக்கு ஒரு தடவை சாபம் விட்டா,” என்றார் ஃபைவல், ஏதோ விருது வாங்கியதைச் சொல்பவர்போல. “‘உன் வீட்டுக்குத் தங்க ஓடு வேயணும், அதுல உன் பங்காளி குடியிருக்கணும்’னு. மீனைத் தொட்டுப் பார்த்ததுக்கு!”

“ஃபைவல், நீ படத்தைப் பாரு.” கன்டோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாயாடிங்கறதைக்கூட விட்டுடலாம், ஷிஃப்ரா. நீ அந்த நாளைப் பத்தி எழுதியிருந்தியே, அதை எப்படிப் போடறது? பெத்த தாயே பொண்ணைத் திருடின்னு காட்டிக்கொடுக்கிறா! போலீஸ்காரன் முன்னாடி அடிக்கிறா! நாளைக்கு இங்க பொறந்த பிள்ளைங்க படிப்பாங்க. ஏற்கெனவே ‘ஏன் சண்டை போடாம ஆட்டு மந்தை மாதிரி போனீங்க’ன்னு கேக்கறாங்க. இதையும் காட்டணுமா?”

“அந்தப் பிள்ளைங்களுக்கு யித்திஷ் படிக்கவே தெரியாது. கவலைப்படாதீங்க.”

எழுதுவதற்கே அவளுக்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்ட நாள் அது. ஜெர்மானியர்கள் வீடு வீடாக யூதர்கள் எல்லோரையும் வெளியே இழுத்துச் சதுக்கத்துக்கு ஓட்டிய காலை. ஷிஃப்ரா, கிறிஸ்தவக் குடியானவப் பெண்கள் கட்டும் தலைத்துணியோடு, வரிசையின் ஓரத்தில் தாயின் கையைப் பிடித்தபடி நடந்தாள். காலியாகும் வீடுகளைக் கொள்ளையடிக்க, அக்கம்பக்கத்தார் சாக்கும் கையுமாகத் தெருவோரம் நின்றிருந்தார்கள். ட்ரெய்னா அவர்களைப் பார்த்தாள், காவலனைப் பார்த்தாள், மகளுடைய தலைத்துணியைப் பார்த்தாள். அடுத்த கணமே மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்து, தன் சந்தைப் போலிஷ் மொழியில் கத்தத் தொடங்கினாள்: “திருட்டு நாயே! நாங்க தெருமுனை தாண்டறதுக்குள்ள என் சட்டியைத் தூக்க வந்துட்டியா? போடி வெளியே!”

காவலன் சிரித்தான். யூதர்களின் நடுவே திருட வந்த கிறிஸ்தவப் பெண் என்றே நம்பி, அவளைப் பூட்ஸ் காலால் உதைத்து வரிசைக்கு வெளியே தள்ளினான். சாக்கு வைத்திருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஷிஃப்ரா திரும்பாமலே நடந்தாள். தாயின் குரல் மட்டும் முதுகைத் துரத்தி வந்தது: “நீ கிழவியாகி, பல்லெல்லாம் கொட்டி, பேரன் பேத்தி தொல்லை தாங்க முடியாமத்தான்டி சாவணும்! அதுவரைக்கும் உனக்குச் சாவே வரக்கூடாது!”

தாயிடமிருந்து அவளுக்கு வாய்த்த சொத்து அந்த வசவு ஒன்றுதான். அதைத்தான் கன்டோரின் பென்சில் அடித்திருந்தது.

“அணைச்சுக்கிட்டதா எழுதினா என்னம்மா குறைஞ்சுபோச்சு?” என்றார் கன்டோர். “அழகா இருக்கு இல்ல?”

“அணைச்சிருந்தா நான் இங்க நின்னு உங்ககிட்ட கத்திக்கிட்டு இருக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே குழியில கிடந்திருப்போம். உங்க அழகுக்காக நான் செத்துப்போகணுமா?” அவள் தாள்களை மேசையில் அறைந்தாள். “எல்லாரும் பாடிக்கிட்டே போனாங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதறீங்களே. நீங்க பார்த்தீங்களா?”

ஃபைவல் மெல்லுவதை நிறுத்தினார்.

கன்டோர் பார்க்கவில்லை. அவர் அப்போது ரஷ்யாவில், யூரல் மலைக் காட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். அது மூவருக்கும் தெரியும். சொல்லியிருக்க வேண்டாம் என்று ஷிஃப்ராவுக்கு உடனே தோன்றியது. தாயின் நாக்கு தனக்கும் வாய்த்திருக்கிறதே என்று தன்மீதே எரிச்சல் வந்தது. மேசைமேல் கிடந்த முதல் பக்கம் கன்டோரின் மனைவி ஹென்யாவுடையது. பாடல், நிமிர்ந்த தலை, அடக்கம் எல்லாம் அங்கேதான் முதலில் எழுதப்பட்டிருந்தன. மற்ற பெண்களுக்கெல்லாம் அங்கிருந்து எடுத்துத்தான் அவர் பங்கிட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கன்டோர் கேட்டார்: “நீ வரிசை ஓரத்துல வந்தேன்னு எழுதியிருந்தே. ஹென்யாவைப் பார்த்தியா?”

இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ‘பாடினார்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மனிதர் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், தன் தாயை இந்த அறையிலிருந்து மீட்டுக்கொண்டு போகும் உரிமை தனக்கு ஏது?

“பார்த்தேன். எங்களுக்கு ரெண்டு வரிசை முன்னாடி. பாடவே இல்லை.”

“அழுதாளா?”

“அதுக்கு அவங்களுக்கு நேரமில்லை, ரெப் நஃப்தலி. உங்க பையன் கோட்டுக் கையில மூக்கைத் துடைச்சான். ‘கைக்குட்டை எதுக்கு வச்சிருக்கேன்? அப்பா பார்த்தா என்ன சொல்வாரு?’ன்னு அதட்டினாங்க. குனிஞ்சு அவன் மூக்கைச் சிந்திவிட்டாங்க. காவலன் கத்தினான். ‘ஒரு நிமிஷம் இருய்யா’ன்னு அவனையும் அதட்டினாங்க.”

கன்டோரின் தொண்டையிலிருந்து எழுந்த ஒலி சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. ஃபைவல் எழுந்துபோய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றார்.

“அவதான்,” என்றார் கன்டோர். “ஐயோ, அவளேதான். என்னையும் அப்படித்தான் அதட்டுவா, மூக்கு விஷயத்துக்கு.”

அவர் பென்சிலை எடுத்து, ஹென்யாவின் பக்கத்தில் பாடலை அடித்தார். நிமிர்ந்த தலையை அடித்தார். அடக்கத்தின்மேல் சற்றுத் தயங்கி, அதையும் அடித்தார். ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கியவர், நடுவில் நிறுத்திச் சிடுசிடுப்போடு நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“கைக்குட்டை என்ன நிறம்?”

“தெரியாது.”

“நீலமா இருக்கும். அவளுக்கு நீலம்னா உசிரு. நீலம்னு போட்டுடறேன்.”

“தெரியாததை எழுதாதீங்க, ரெப் நஃப்தலி.”

“ராட்சசி! ஒரு நிறத்தைக்கூட விடமாட்டியா?”

“விடமாட்டேன்.”

கன்டோர் எதையோ முணுமுணுத்தார். நீலத்தை எழுதவில்லை. பிறகு ட்ரெய்னாவின் பக்கத்தைத் தேடி எடுத்து, தாம் எழுதியிருந்ததன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, வெற்றுத்தாள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டார்.

“சரி, சொல்லித் தொலை. உங்கம்மா திட்டினதை அப்படியே சொல்லு. ஆனா, மெதுவா. அவ சொன்ன வேகத்துக்கு எழுத என்னால ஆகாது.”