ராஜா சேற்றில் விழுந்த பாட்டு

லைல் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தபோது ராஜா அந்தப் பக்கமாக வந்தார். முகாம் வழக்கப்படி அவன் சுத்தியலைக் கீழே போட்டு, ஒரு காலில் மண்டியிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். ராஜாவின் காலணிகள் அவன் எதிரே வந்து நின்றன. மான்தோல் காலணிகள். போன கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி ஜனீன் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தவை.

நிமிர்ந்து பார்த்தான். கிரீடத்துக்குக் கீழே மச்சினன் டுவேனின் முகம் இருந்தது.

"எந்திரி மச்சான். அப்புறம் முட்டி வலிக்குதுன்னு அக்காகிட்ட புலம்புவ."

"உன் தலையில எதுக்குடா கிரீடம்?"

"காலையில வச்சாங்க. நீ வேலை முடிச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"முடிசூட்டு அக்டோபர்லதானே?"

"ராஜா ஹால்வர்டுக்கு டெக்சாஸுக்கு மாத்தலாயிடுச்சு. திங்கக்கிழமை ஆபீஸ்ல நிக்கணுமாம். அதான் முன்னாடியே வச்சுட்டாங்க. ஜூன் மாசக் கூட்டத்துல சொன்னாங்களே. நீ பின்வரிசையில உக்காந்திருந்தியே."

உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க லைலின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவன் ஒரு பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மன்னன் ஹால்வர்டின் புகழ் பாடும் பாட்டு.

ஓஹையோவின் டயர் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளனாக இருக்கும் லைல், கோடையில் பழங்கால வேடம் போட்டு விளையாடும் இந்த மேட்டுப் புல்வெளி முகாமுக்கு வந்துவிட்டால் ஆஸ்கெர் என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு நார்வேப் பாணன். டுவேன் மற்ற நாட்களில் வீடுகளுக்குக் குளிர்சாதனம் பொருத்துகிறவன். இங்கே தோர்பின் என்ற மாவீரன். வசந்தத்தில் பிரம்பு வாள் போட்டியில் எல்லோரையும் அடித்துச் சாய்த்து இளவரசனானான். அடுத்த ராஜா அவன்தான் என்பது லைலுக்கும் தெரியும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, அதற்குள் தன் பாட்டை அரங்கேற்றிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாட்டின் உச்சக்கட்டமே போன இலையுதிர் காலத்தில் ஹால்வர்ட் ஒருவனைச் சேற்றில் தள்ளிய சண்டைதான். தள்ளப்பட்டவன் தோர்பின்.

மாலையில் பாணர் போட்டி. ராஜா ஒருவரே நடுவர். வெல்கிறவன் அந்த ராஜாவின் ஆட்சி முடியும்வரை அரசவைப் பாணன். அவன் கையில் வெள்ளிக் காப்பு ஏறும், அரியணையின் காலடியில் இடம் கிடைக்கும், ராஜாவின் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடலாம். ஒன்பது கோடைகளாக லைல் அந்தக் காப்புக்காகப் பாடித் தோற்றிருக்கிறான். போன வருஷம் அவனைத் தோற்கடித்தது பெர்னடெட் என்ற பல் மருத்துவமனைச் செவிலி. முகாமின் பிளாஸ்டிக் கழிப்பறைகளைப் பற்றிய பாட்டு அது. இந்த வருஷமும் தோற்றால் கூடாரத்தையும் யாழையும் விற்றுவிட்டு மற்ற மனிதர்களைப் போல ஏரிக்கரையில் விடுமுறை கழிக்கலாம் என்று ஜனீனிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் ஏற்கெனவே ஒரு மரவீட்டின் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள்.

அவன் நேராகச் சமையல் கூடாரத்துக்குப் போனான். ஜனீன் நீண்ட அங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எத? என் தம்பி ராஜாவாகப் போறதையா? வீட்டுல ரெண்டு மாசமா அந்தப் பேச்சுதான். தலையத் தலைய ஆட்டுன. கேக்குறேன்னு நெனச்சேன்."

"இப்ப என்ன பண்றது?"

"பேர மாத்திப் பாடு. ஹால்வர்ட் வர்ற எடத்துலயெல்லாம் தோர்பின்னு போடு."

"போட்டா தோர்பினே தோர்பினைப் புடிச்சுத் தள்ளுவான்."

"அந்த எடத்த விட்டுடு அப்ப."

"பாட்டுல நல்லா இருக்கறதே அந்த எடம்தான் ஜனீன்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். "அந்த மரவீட்டுல படகும் உண்டாம்," என்றாள்.

லைல் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாட்டைப் பிரித்துப் போட்டான். பழைய வடதேசத்துப் பாட்டில் ஒவ்வொரு அடியும் மோனையில் நிற்க வேண்டும். ஹால்வர்டுக்காகக் கட்டிய அடிகளில் தோர்பின் என்ற பெயர், இரவல் சட்டை போட்டவனைப் போல நின்றது. ஆனாலும் விடவில்லை. அடிகளைத் திருப்பினான், முறித்தான், ஒட்டினான். விழுந்தவனைக் 'கீழ்த்திசை வீரன் ஒருவன்' ஆக்கினான். சாயங்காலத்துக்குள் பாட்டு ஒருவிதமாக எழுந்து நடந்தது. கொஞ்சம் நொண்டியது, அவ்வளவுதான்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெரிய கூடாரத்துக்குள் நனைந்த கம்பளியின் வாடை. பெர்னடெட் முதலில் பாடினாள். இந்த முறை கழிப்பறைகளைச் சுத்தம் செய்ய வரும் லாரியைப் பற்றி. மேசைகள் அதிர்ந்தன. இங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பிடித்திருந்தால் மேசையைக் குத்துவார்கள். குத்தியதில் யாரோ ஒருவரின் பீர்க் கோப்பை கவிழ்ந்தது. அவர் அதையும் பொருட்படுத்தாமல் குத்தினார்.

அடுத்து ஆஸ்கெர் என்று அழைத்தார்கள்.

லைல் யாழை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினான். முதல் கண்ணி சரியாக வந்தது. இரண்டாவதிலும் தோர்பின் தோர்பினாகவே இருந்தான். மக்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மரியாதையாகக் கொட்டாவி விட்டார். லைலுக்குத் தைரியம் வந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. அந்தப் பாட்டை அவன் மாதக்கணக்கில் காரில்தான் பாடிப் பழகியிருந்தான். விடுமுறை நாளில் வேறு எங்கோ போகக் கிளம்பிய கார் தானாகவே கிடங்குக்குப் போகும் சாலையில் திரும்பிவிடுமே, அதுபோல மூன்றாவது கண்ணியில் அவன் நாக்கு பழைய வழியில் திரும்பிவிட்டது.

பாட்டில் ஹால்வர்ட் வாளை ஓங்கினான். லைலுக்கு அது கேட்டது. நிறுத்த நினைத்தான். ஆனால் மோனை அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது:

*சேறு சிரித்தது, சரிந்தான் தோர்பின்.*
*சட்டிபோல் கவிழ்ந்தது தலையில் கவசம்.*
*சினைப்பசு போலச் சறுக்கிக் கிடந்தவன்*
*சத்தமில்லாமல் அக்காவைத் தேடினான்.*

எல்லோரும் அரியணையைப் பார்த்தார்கள்.

அப்போது சமையல்காரர்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் போன சிரிப்பு. ஜனீன் வாயை இடுப்பில் கட்டிய சமையல் துணியால் பொத்தியிருந்தாள், தோள்கள் குலுங்கின. அதற்காகவே காத்திருந்ததுபோல மற்றவர்களும் வெடித்தார்கள். மேசைகள் குதித்தன. போன இலையுதிர் காலத்தில் அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களுக்கு எழுந்து நின்று சறுக்கிக் காட்டினார்கள். லைல் மீதிப் பாட்டையும் பாடி முடித்தான். ஹால்வர்டின் புகழ் சொல்லும் கடைசிக் கண்ணிகள் யார் காதிலும் விழவில்லை. ஜீன்ஸுக்கு மாறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஹால்வர்ட் மட்டும் கவனமாகக் கேட்டார்.

ராஜா எழுந்தார். சத்தம் அடங்கியது.

"ஆஸ்கெர். நீதான் பழைய காலத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவன். நீயே சொல்லு. ராஜாவை முகத்துக்கு நேரா கேலி பண்ணுன பாணனுக்கு அப்பல்லாம் என்ன தண்டனை?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டைப் பற்றிப் பொய் சொல்ல லைலுக்கு வாய் வரவில்லை.

"தலைய எடுப்பாங்க, மகாராஜா."

"வேற வழியே கெடையாதா?"

"விடியறதுக்குள்ள ராஜாவைப் புகழ்ந்து ஒரு பாட்டுக் கட்டிப் பாடுனா, சில ராஜாங்க விட்டுடுவாங்க."

"ஒரு பாட்டா?" டுவேன் தாடியைச் சொறிந்தான். "நீ போட்ட போட்டுக்கு ஒரு பாட்டெல்லாம் பத்தாது. என் ஆட்சி முடியற வரைக்கும், எல்லாக் கூட்டத்துலயும், தினம் என்னைப் புகழ்ந்து பாடணும். இதான் தண்டனை." சொல்லிவிட்டு இறங்கி வந்து, வெள்ளிக் காப்பை லைலின் கையில் மாட்டினான்.

லைல் காப்பைப் பார்த்தான். ஒன்பது கோடைகள் அவன் கனவில் பளபளத்த காப்பு. கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

"இது தெரிஞ்சிருந்தா நானும் ராஜாவையே திட்டியிருப்பேன்," என்றாள் பெர்னடெட், பக்கத்தில் இருந்தவரிடம்.

வெளியே ஜனீன் அவன் கையைப் பிடித்துக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சினைப்பசுவா?" என்றாள். "அம்மாகிட்ட சொல்லணும்."

"ஏரிக்கு?"

"எங்க போறது? அடுத்த வசந்தம் வரைக்கும் என் தம்பிய நீ புகழணுமே. அதை நான் பாக்காம இருப்பேனா?"

லைல் அன்றே உட்கார்ந்து தண்டனையை நிறைவேற்றத் தொடங்கினான். மறுநாள் காலை உணவின்போது அரியணையின் காலடியில் நின்று பாடினான். தோர்பினின் வீரம், கொடை, பகைவர் நடுங்கும் அவன் புருவம். மோனை ஓர் இடத்திலும் பிசகவில்லை. அவன் இதுவரை கட்டியதிலேயே சுத்தமான பாட்டு அதுதான். மக்கள் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார்கள். கிண்ணத்தைச் சுரண்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு மேசையும் அதிரவில்லை.

ராஜா தன் தட்டிலிருந்து ஒரு பன்றி இறைச்சித் துண்டை எடுத்து அவனுக்கு நீட்டினார். குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"எல்லாம் சரி மச்சான். நான் விழுற எடம் எப்ப வரும்?"

"அதை எடுத்துட்டேன் மாப்ள. இனிமே நீ ராஜா."

"எடுத்துட்டியா?" டுவேனின் முகம் வாடியது. "நேத்து ராத்திரி இருவது பேர் என்கிட்ட வந்து அந்த எடத்தைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. முடிசூட்டுறப்பகூட எவனும் என்கிட்ட வந்து பேசல."

மேசைகளிலிருந்தும் குரல் வந்தது. "சேத்தப் பாடுங்கப்பா." "சினைப்பசு, சினைப்பசு."

லைல் யாழை மறுபடி மடியில் எடுத்தான். கூடாரத்தின் திறந்த பக்கம் வழியாக வாகனம் நிறுத்தும் இடம் தெரிந்தது. அங்கே ஹால்வர்ட் கடைசிப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியதும் கதவைத் திறந்தபடியே நின்றார்.

சேறு சிரித்தது. தோர்பின் சரிந்தான். மேசைகள் குதித்தன, ராஜாவும் குத்தினார். தள்ளியவன் பெயர் வரும் அடி அடுத்ததுதான். ஆனால் அதற்குள் கூட்டம் மறுபடியும் முதலிலிருந்து பாடச் சொல்லிக் கத்தியது. லைல் சேறு சிரித்த அடிக்கே திரும்பினான்.

ஹால்வர்ட் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு காரில் ஏறிக் கிளம்பினார்.